மதர்ஸ் ஹெல்ப்பராக வரும் பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் இரண்டாவது குழந்தைக்கு நான்கு மாதமாகியிருந்தபோது, பேறுகாலத்துக்குத் துணையாக ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஆறு மாதத் தங்கல் முடிந்து திரும்பிவிட்டார். அது ஜூலை மாதம். நியூ ஜெர்சியில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. இரண்டு வீடு தள்ளியிருந்த தமிழ்க் குடும்பத்தின் பன்னிரண்டு வயது மகள், மூன்று வயதான என் மூத்தவனோடு விளையாட மதியம் இரண்டு மணி நேரம் வந்து போக ஒப்புக்கொண்டாள். முதல் நாள் அவள் கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்து, "ரொம்ப தேங்க்ஸ்டா கண்ணு" என்றேன். இரண்டாம் நாள் மாம்பழம் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. அடுத்த தெருவில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் மணிக்கு எட்டு டாலர் தருவதாகச் சொல்லி அழைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது புரிவதற்கு ஒரு நாள் பிடித்தது.

அதன் பிறகு மூன்று கோடைகளில் மூன்று பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கூலியை முடிவு செய்யப் பின்பற்றிய முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். தொகைகள் மத்திய நியூ ஜெர்சியைச் சார்ந்தவை. கணக்கிடும் வழி எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில், இவர் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

மதர்ஸ் ஹெல்ப்பர் என்பவர், தாயோ தந்தையோ வீட்டில் இருக்கும்போதே குழந்தைகளோடு இருந்து உதவும் இளம் பிள்ளை. பெரும்பாலும் பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் இருப்பார். சிறுமியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எங்கள் வீட்டுக்கு வந்த மூவரில் ஒருவன் பையன். பெரியவர்கள் வெளியே போய்விட, குழந்தையின் முழுப் பொறுப்பையும் ஏற்பவர் பேபிசிட்டர். முழுநேரத் தொழிலாகக் குழந்தை வளர்ப்பவர் நேனி. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் கூலிக் கணக்கு தொடக்கத்திலேயே தவறிப்போகும்.

இந்த வேறுபாட்டைச் சில மாநிலங்களில் சட்டமே தொடுகிறது. மேரிலாண்டில் எட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையை ஒருவர் பொறுப்பில் விட்டுச் செல்வதானால், அந்த நபருக்குக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளை உங்கள் வீட்டில் உதவியாளராக இருக்கலாம்; நீங்கள் பத்து நிமிடம் காரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனால் சிக்கல் உங்களுக்குத்தான். உங்கள் மாநிலத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது முதல் நாளுக்கு முந்தைய வேலை.

நம்மில் பலருக்கு இங்கே ஒரு நெருடல் எழும், எனக்கும் எழுந்தது. இந்தியாவில் பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது குற்றம். 2006-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் வீட்டு வேலை தடைப் பட்டியலில் இருக்கிறது. 2016-இல் வந்த திருத்தம், சில விலக்குகளோடு, அந்த வயதினரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது. அந்தத் தடை ஏன் வந்தது என்பதை நம் ஊர் வீடுகளின் பின்கட்டைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க மத்தியச் சட்டத்திலும் பொதுவாக வேலைக்குக் குறைந்தபட்ச வயது 14தான். ஆனால் செய்தித்தாள் போடுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, வீடுகளில் சில்லறை வேலை செய்வது ஆகியவற்றுக்கு அந்த வயது வரம்பு இல்லை. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக நெருடலை ஒதுக்கிவிடத் தேவையில்லை. அதை எச்சரிக்கை மணியாகக் கூடவே வைத்துக்கொள்ளலாம்: பள்ளிப் படிப்பைத் தொடாத நேரம், பிள்ளையே விரும்பி வருவது, பாத்திரமும் துடைப்பமும் கையில் வராதது, கிடைக்கும் பணம் பிள்ளைக்கே போவது என்ற நான்கில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் அது நியாயமான கூலியாக இருக்காது.

வேலையை எழுதிவையுங்கள், தொகை அதன் பிறகு

ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதுவது நல்லது. பிள்ளை செய்யக்கூடியவை ஒருபுறம்: மூத்த குழந்தையோடு கட்டை அடுக்கி விளையாடுவது, புத்தகம் வாசித்துக் காட்டுவது, நீங்கள் சமையலறையில் இருக்கும்போது கைக்குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டுவது, டயப்பர் பையை எடுத்துத் தருவது, விளையாடிய பொம்மைகளைக் குழந்தையோடு சேர்ந்து பெட்டியில் போடுவது. செய்யக்கூடாதவை மறுபுறம்: குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, அடுப்பைத் தொடுவது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவது, வீட்டில் பெரியவர் யாரும் இல்லாமல் தனியே பார்த்துக்கொள்வது.

இந்தத் தாளில் ஒவ்வொரு வீட்டிலும் மெல்ல நுழைய முயல்வது வீட்டு வேலை. "சும்மாதானே இருக்கிறாள், அந்தத் துணியை மடிக்கச் சொல்லலாமே" என்ற எண்ணம் குழந்தை தூங்கிய பத்தாவது நிமிடத்தில் வரும். குழந்தையின் துணியை மடிப்பது பிள்ளை பார்ப்பதோடு சேர்ந்தது. உங்கள் கணவரின் சட்டையை மடிப்பது வேறு கணக்கு. மத்தியக் கூலிச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. எப்போதாவது செய்யும் பேபிசிட்டிங் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி விதி பொருந்தாது. ஆனால் குழந்தை பராமரிப்போடு தொடர்பில்லாத வீட்டு வேலை மொத்த நேரத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த விலக்கு கிடைக்காது. குழந்தை தூங்கினால் பிள்ளை தன் புத்தகத்தைப் படிக்கட்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு, ஏனென்றால் அவள் தன் பிற்பகலை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறாள்.

அடிப்படைத் தொகையைக் கண்டுபிடிப்பது

உங்கள் தெருவில் அல்லது அப்பார்ட்மென்ட் வளாகத்தில் ஒரு பேபிசிட்டருக்கு மணிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று குறைந்தது மூன்று குடும்பங்களிடம் கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் தேசியச் சராசரியை நம்ப வேண்டாம். நியூ ஜெர்சியின் கூலியும் டெக்சாஸின் கூலியும் ஒன்றாக இருப்பதில்லை. கேட்கும் மூன்றில் ஒன்றாவது தமிழ்க் குடும்பம் அல்லாததாக இருக்கட்டும். நம்மவர்களை மட்டும் கேட்டால், "நாங்க ஒண்ணும் குடுக்கறதில்லீங்க, நம்ம பொண்ணு மாதிரிதானே" என்ற பதில்தான் வரும்.

கிடைத்த தொகையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் பாதி என்று என் கணவர் கேட்டார், நியாயமான கேள்விதான். பேபிசிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு பொருள்களுக்கு விலை இருக்கிறது: ஒன்று அவருடைய நேரம், மற்றொன்று உங்கள் குழந்தையின் உயிருக்கும் உடலுக்கும் அவர் ஏற்கும் பொறுப்பு. உதவிக்கு வரும் பிள்ளை நேரத்தை முழுமையாகத் தருகிறாள்; பொறுப்பு உங்களிடமே இருக்கிறது. குழந்தை விழுந்து அடிபட்டால் ஓடி வந்து தூக்குவது நீங்கள்தான். ஆகவே நேரத்துக்கு உரிய பாதியைக் கொடுக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு போதும் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஒரு பிற்பகல் முழுவதும் மூன்று வயதுக்காரனுக்குத் தொடர்ந்து டைனோசராக நடித்துக் காட்டிய பிறகு அவர்கள் அதைச் சொல்லட்டும்.

எங்கள் பகுதியில் நான் விசாரித்தபோது பேபிசிட்டருக்கு மணிக்கு 20 டாலர் என்றார்கள். ஆக அடிப்படை 10 டாலர். இதைச் சரிபார்க்க இரண்டு எண்களை அருகில் வைத்துக்கொள்ளலாம். மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலை முதல் அது மாறவேயில்லை. நியூ ஜெர்சியில் 2025-ஆம் ஆண்டுக்கான பொதுவான குறைந்தபட்சக் கூலி 15.49 டாலராக இருந்தது. உதவிக்கு வரும் பிள்ளைக்கு மத்தியச் சட்டம் எந்தத் தரைத்தளமும் போடவில்லை என்றாலும், இத்தனை ஆண்டுகளாக நகராத அந்த 7.25-க்குக் கீழே இறங்குவதில்லை என்று நானே ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். மறுபுறம், கணக்குப் போட்டு முடிக்கும்போது தொகை 15-ஐ நெருங்கினால், உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பதினாறு வயதுப் பேபிசிட்டரா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

இந்தக் கட்டத்தில் வீட்டுப் பெரியவர்கள் வாட்ஸ்அப் அழைப்பில் டாலரை ரூபாயாக்கிப் பார்ப்பார்கள். "மணிக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேலயா? பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கா?" என்று என் மாமியார் அதிர்ந்தார். அந்தப் பிள்ளை அந்தப் பணத்தைச் செலவழிப்பது இந்த ஊரில்தான். இங்கே ஒரு பீட்சாத் துண்டின் விலையை அவரிடம் சொன்ன பிறகு பேச்சு அடங்கியது.

கூட்டவேண்டியவை, குறைக்கவேண்டியவை

ஒரு குழந்தைக்கான அடிப்படை 10 டாலர் என்றால், இரண்டாவது குழந்தைக்கு மணிக்கு 2 டாலர் கூட்டுகிறேன். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பதினொரு வயது முதலே சேர்த்துக்கொள்ளும் பேபிசிட்டிங் பயிற்சியை முடித்திருந்தால் இன்னும் ஒரு டாலர். குழந்தையின் தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது தெரிந்த பிள்ளை அருகில் இருப்பது, நீங்கள் பக்கத்து அறையில் இருந்தாலும் தனி ஆறுதல்தான். முதன்முறையாக வரும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அடிப்படையிலிருந்து ஒன்றோ இரண்டோ குறைத்துத் தொடங்கலாம்; ஆனால் எத்தனை நாள் கழித்து முழுத் தொகை என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள்.

தமிழ்க் குடும்பங்கள் எளிதில் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. உதவிக்கு வரும் பிள்ளை உங்கள் குழந்தையிடம் தமிழில் பேசுகிறாள், கதை சொல்கிறாள், "அணிலே அணிலே ஓடி வா" பாடிக் காட்டுகிறாள் என்றால், அதற்குக் கூடுதலாகக் கொடுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் அழைத்துச் சென்று, கட்டணம் கட்டி, வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலத்தில் பேசும் குழந்தையைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் நாம். நான்கு வயதுக்காரன் தன் அம்மாவுக்குப் பதில் சொல்லாத தமிழில், தான் வியந்து பார்க்கும் ஒரு பெரிய அக்காவுக்குப் பதில் சொல்கிறான். எங்கள் வீட்டில் அதற்கு மணிக்கு 2 டாலர். தமிழ்ப் பிள்ளை என்பதால் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தை இது நேர்ப்படுத்தவும் செய்கிறது.

குறைக்கக்கூடாதவை என்று சில உண்டு. சாப்பாடு கொடுத்ததற்காகக் குறைக்கக்கூடாது. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு மாலையில் ஒரு தோசை வார்ப்பது நம் பழக்கம், அதற்கு விலை போடுவது அசிங்கம். கார் ஏற்றி இறக்கியதற்காகக் குறைக்கக்கூடாது. வாங்கிக் கொடுத்த பிறந்தநாள் பரிசும் பாவாடை சட்டையும் கூலிக் கணக்கில் வராது.

நேரத்தைக் கணக்கிடும் விதம்

ஒரு முறை வந்தால் குறைந்தது ஒன்றரை மணி நேரத்துக்கான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்தில் குழந்தை தூங்கிவிட்டது என்று திருப்பி அனுப்பினாலும் அதே தொகைதான். கூடுதலாக இருந்த நேரத்தை அடுத்த கால் மணிக்கு ஏற்றிக் கணக்கிடலாம், 4.35-க்குக் கிளம்பினால் 4.45 வரை. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான அறிவிப்பில் நீங்கள் ரத்து செய்தால் பாதிக் கூலி கொடுப்பது முறை. பிள்ளைக்குத் தேர்வு, நீச்சல் வகுப்பு, காய்ச்சல் என்று வரமுடியாமல் போனால் எந்தப் பிடித்தமும் கூடாது. வராத நாளுக்குக் கூலி இல்லை, அத்தோடு முடிந்தது.

நேரத்துக்கு ஒரு மேல்வரம்பும் வேண்டும். பள்ளி நாட்களில் ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரம், விடுமுறையில் மூன்று. அதற்கு மேல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கவனம் தங்காது. அவளும் ஒரு குழந்தைதான்.

எங்கள் இரண்டாம் கோடைக் கணக்கு இப்படி இருந்தது: அடிப்படை 10, இரண்டாவது குழந்தைக்கு 2, தமிழுக்கு 2, ஆக மணிக்கு 14 டாலர். வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 56 டாலர். பத்து வாரங்களுக்கு 560 டாலர். தொகையை இப்படி மொத்தமாகப் பார்த்தால்தான் உங்களால் தொடர்ந்து கொடுக்க முடியுமா என்பது தெரியும். முடியாவிட்டால் வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மணிக் கூலியில் கை வைக்க வேண்டாம்.

சொல்லிவிடுவது

இந்தப் படியில்தான் நம்மவர்கள் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். முதலில் பிள்ளையின் தாயிடமோ தந்தையிடமோ பேச வேண்டும். நான் பேசிய தாய் தொகையைக் காதில் வாங்கியதுமே, "ஐயோ, காசெல்லாம் எதுக்குங்க? பொழுது போகாமதானே இருக்கா, வந்து விளையாடிட்டுப் போகட்டும்" என்றார். இந்தப் பதிலில் உண்மையான அன்பு இருக்கிறது. பணம் வாங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டு திரும்பி வந்தால் நீங்கள் அந்தத் தாய்க்கு நன்றிக்கடன் படுகிறீர்கள், உழைத்தது மகள். நான் சொன்னது இதுதான்: "உங்களுக்காகக் குடுக்கலீங்க. அவ வேலை செய்யறா, அவகிட்டக் குடுக்கறேன். நீங்க வேணாம்னு சொன்னா எனக்கு அவளைக் கூப்பிடக் கூச்சமா இருக்கும்." இரண்டாம் வாக்கியம்தான் வேலை செய்தது.

பிறகு பிள்ளையிடம் நேரடியாக, தாயின் முன்னிலையில் சொல்லுங்கள்: எந்த நாட்கள், எத்தனை மணி, என்ன வேலை, எவ்வளவு. அவள் ஏதேனும் சேர்க்கவோ மாற்றவோ விரும்புகிறாளா என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் சிறிது யோசித்துவிட்டு, "டயப்பர் மாத்தச் சொல்லாதீங்க ஆன்ட்டி, அது மட்டும் வேணாம்" என்றாள். அது தாளின் மறுபத்தியில் ஏறியது. தன் உழைப்புக்கு நிபந்தனை சொல்ல ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அனேகமாக இதுவாகத்தான் இருக்கும். அவள் கேட்பதைச் சிரித்து மழுப்பிவிட வேண்டாம்.

முதல் நாளை வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்; அதற்கும் முழுக் கூலி உண்டு.

கையில் கொடுப்பது

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போதே, ரொக்கமாக, பிள்ளையின் கையில் கொடுங்கள். கைபேசிச் செயலி வழியே அனுப்புவது வசதிதான். ஆனால் வென்மோவில் பதின்பருவக் கணக்குக்கூட 13 வயது முதல்தான், அதுவும் பெற்றோர் திறந்து கொடுத்தால். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் அனுப்பும் பணம் அவள் தந்தையின் கணக்கில் போய், வீட்டு மளிகையோடு கலந்துவிடும். நான் ஞாயிறன்றே ஐந்து டாலர், ஒரு டாலர் நோட்டுகளை மாற்றி வைத்துக்கொள்கிறேன். உறையின் மேல் தேதி, வந்த நேரம், போன நேரம், தொகை நான்கையும் எழுதிக் கொடுப்பேன். "சில்லறை இல்லைடா, அடுத்த தடவை சேர்த்துத் தரேன்" என்று நான் சொன்ன ஒரே ஒரு முறை, அவள் "இட்ஸ் ஓகே ஆன்ட்டி" என்றாள். வாசற்படியில் நின்று காலணி மாட்டுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொருள் உடைந்தால் பிடித்தம் செய்யக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்ணாடிக் குவளையை எட்டும் உயரத்தில் வைத்தது உங்கள் தவறு.

வரி பற்றிச் சுருக்கமாக

பதினெட்டு வயதுக்குக் குறைந்த, படிப்பையே முதன்மையாகக் கொண்ட பிள்ளைக்கு வீட்டு உதவிக்காகக் கொடுக்கும் கூலிக்குச் சமூகப் பாதுகாப்பு வரியோ மெடிக்கேர் வரியோ பிடிக்க வேண்டியதில்லை. வயது வந்தவர் ஒருவரை வைத்து, 2025-இல் அவருக்கு 2,800 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால்தான் அந்தக் கணக்கு தொடங்கியது. கோடை விடுமுறை உதவிக்கு இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை. குழந்தை பராமரிப்புக்கான வரிச் சலுகையைக் கோர நினைத்தால் மட்டும், பணம் பெற்றவரின் அடையாள எண்ணைப் படிவத்தில் தர வேண்டியிருக்கும் என்பதால், பிள்ளையின் பெற்றோரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

உயர்த்துவதும் மாற்றுவதும்

ஒவ்வொரு பள்ளியாண்டின் தொடக்கத்திலும் தொகையை மறுபடி பாருங்கள்; கேட்கும் வரை காத்திருந்தால் நம் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். ஒரு வயது கூடியதற்கு ஒரு டாலர் என்பது எளிய வழி.

கூலி படியேறாமல் ஒரேயடியாகத் தாண்ட வேண்டிய நாள் ஒன்று வரும். பிள்ளைக்குப் பதிமூன்றோ பதினான்கோ ஆகியிருக்கும், உங்கள் குழந்தைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், "அரை மணி நேரம் பார்த்துக்கோடா, காஸ்ட்கோ போய்ட்டு ஓடி வந்துடறேன்" என்று நீங்கள் சாவியை எடுப்பீர்கள். நீங்கள் கதவைச் சாத்திய நொடியிலிருந்து அவள் பேபிசிட்டர். அந்த அரை மணி நேரத்துக்குப் பேபிசிட்டருக்கு உரிய முழுத் தொகை, அதாவது எங்கள் கணக்கில் மணிக்கு 20 டாலர் வீதம், கொடுக்க வேண்டும். அதற்கு முன் அவளிடமும் அவள் பெற்றோரிடமும் கேட்டிருக்கவும் வேண்டும். போகிற போக்கில் இந்தக் கோட்டைத் தாண்டுவதுதான் நான் பார்த்தவற்றிலேயே மிகப் பொதுவான அநியாயம்; பெரும்பாலும் அதைச் செய்பவர்களுக்கே செய்தது தெரிவதில்லை.

முதல் கோடையில் மூன்றாம் நாள் வராமல் போனாளே, அவளுக்கு இப்போது பதினைந்து வயது. போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்களுக்கு ஒரு திருமண வரவேற்பு இருந்தது, அவளைக் கேட்டேன். மணிக்கு 20 டாலர், பத்து மணிக்கு மேல் 22 என்று குறுஞ்செய்தியில் பதில் வந்தது. கீழே இன்னொரு வரி: "முறுக்கு இருந்தா அதுவும் ஓகே ஆன்ட்டி."